பட்டா நிலத்துப் பறவைகள்

காங்கயத்திலிருந்து வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் கொரங்காடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. காடு என்று பெயர் இருந்தாலும் அடர்ந்த மரக்கூட்டம் அங்கே கிடையாது. தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல், எட்ட எட்ட நிற்கும் வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே போய்வர ஒரு கடவு. ஆடியில் மேல்காற்று புழுதியை வாரி அடிக்கும். ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். இந்த மண்ணில் தானியத்தை நம்பி இருக்க முடியாது என்று கண்டுகொண்ட முன்னோர்கள் புல்லையே வெள்ளாமையாக வைத்துக்கொண்டார்கள்.

பறவை பார்க்க வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள் பலரும் இதைப் புறம்போக்கு என்றோ வனத்துறை நிலம் என்றோ நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டும் இல்லை. ஒவ்வொரு வேலிக்குள்ளும் ஒரு குடும்பத்தின் பட்டா இருக்கிறது. பாகப்பிரிவினை இருக்கிறது, மகள் கல்யாணக் கடன் இருக்கிறது, வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் போன் இருக்கிறது. அந்தப் புல்லில் முட்டையிடும் ஆட்காட்டிக்கும் வானம்பாடிக்கும் கௌதாரிக்கும் இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. ஆனால் அவற்றின் வாழ்வு முழுவதும் இந்தக் கணக்கில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நான் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கன்று போட முடியாமல் தவிக்கும் மாட்டுக்காகவும், கோமாரி கண்ட பட்டிக்காகவும் இந்தக் கடவுகளுக்குள் போய்வந்தவன். பறவைகளைப் பெயர் சொல்லி அறிந்துகொண்டது பிற்பாடுதான். அதனால் எனக்கு முதலில் தெரிந்தது நிலத்துக்காரர்களின் முகம், அப்புறம்தான் பறவை. இந்த வரிசை ஒரு பாக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. பறவையின் மேல் உள்ள அன்போடு நேரே வந்து இறங்குகிறவர்களுக்கு இடையில் நிற்கும் மனிதர் தடையாகத் தெரிகிறார். மாட்டின் வழியாக வந்தவனுக்கு அவர்தான் எல்லாமாகத் தெரிகிறார்.

கொரங்காடு எப்படி நடந்தது என்று கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பறவைகள் வந்ததும் போனதும் அந்த நடைமுறையோடு சேர்ந்துதான். ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று காடுகள் இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் மாடு விட மாட்டார்கள். ஒன்றில் மேயும்போது மற்றொன்று ஆறிக் கிடக்கும். முதலில் மாடு, அது மேய்ந்த பிறகு செம்மறி. வெள்வேலங்காய் விழுகிற கோடையில் அதுவே தீவனம். சில வருஷங்களுக்கு ஒருமுறை நல்ல மழை கண்டால் ஓர் உழவு ஓட்டிச் சோளமோ கொள்ளோ விதைப்பார்கள். அறுவடைக்குப் பின்னால் மண்ணில் கிடந்த புல்விதை புதிதாகக் கிளம்பும். வேலி பழுதானால் கிளுவைப் போத்து வெட்டி ஊன்றுவார்கள். இரண்டு வேலிகளுக்கு நடுவே இட்டேரி ஓடும். அங்கே முயலும் கீரியும் ஓணானும் தவிட்டுக்குருவியும் குடியிருக்கும்.

இதில் பறவைக்கென்று யாரும் எதையும் செய்யவில்லை. ஆனாலும் பறவைக்கு வேண்டியது அத்தனையும் அமைந்துவிட்டது. புல்வெளிப் பறவைகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான புல் ஆகாது. மஞ்சள் மூக்கு ஆட்காட்டிக்கு மேய்ந்து தேய்ந்த கட்டாந்தரை வேண்டும்; தூரத்திலிருந்து வரும் நரியையும் நாயையும் அது முன்னதாகப் பார்த்தாக வேண்டும். காடைக்கு முழங்கால் உயரப் புல் வேண்டும். வானம்பாடி இரண்டுக்கும் நடுவில் ஒரு புல்தூரின் நிழலில் முட்டையிடும். கௌதாரி பகலெல்லாம் தரையில் ஓடித் திரிந்தாலும் இரவில் முள்மரத்திலோ வேலியிலோ ஏறி அடையும். மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் பூனைப்பருந்துகள் அந்தியில் புல்லுக்குள் தரையில் இறங்கித் தங்கும். பகலில் வெட்டுக்கிளியைப் பிடித்துத் தின்னும். ஒரு காடு மேய்ந்தும், அடுத்தது ஆறியும், மூன்றாவது உழுதும் கிடந்தால் இவை எல்லாவற்றுக்கும் ஒரே ஊரில் இடம் கிடைத்துவிடுகிறது.

டிராக்டர் வந்தது. உழவு மாட்டுக்கு வேலை போயிற்று. பழையகோட்டைப் பட்டக்காரர் பேணி வளர்த்த காங்கயம் இனத்தின் காளைக்கு ஏரும் வண்டியும் கவலை இறைப்பும்தான் விலை கொடுத்தன. அந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றபோது காளை வளர்ப்பதற்கான காரணமே கரைந்துவிட்டது. காளை குறைந்தால் கொரங்காட்டுக்கு மதிப்பு இல்லை. மதிப்பில்லாத நிலம் என்ன ஆகும்? ஒருவர் கோழிப்பண்ணை போட்டார். ஒருவர் ஆழ்துளைக் கிணறு வெட்டித் தென்னை வைத்தார். ஒருவர் சைட்டுப் போட்டு விற்றார். எதுவும் செய்யாமல் விட்டவருடைய காட்டைச் சீமைக்கருவேலம் எடுத்துக்கொண்டது. இவர்களில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று வாசலில் வந்து நிற்பவனிடம் வானம்பாடியைக் காட்டி மறுக்கும் வசதி இங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது?

நாடு முழுக்கவும் இதே கதைதான். 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. திறந்த வெளிகளிலும் புல்வெளிகளிலும் வாழும் பறவைகள் பெரிய சரிவில் இருப்பதை அது எடுத்துக் காட்டியது. மின்கம்பியில் உட்கார்ந்து நீலச் சிறகை விரித்துப் பறக்கும் பனங்காடைகூட அந்தக் கவலைக்குரிய பட்டியலில் வந்துவிட்டது. தமிழகத்தின் வறண்ட வெளிகளில் ஒரு காலத்தில் நடமாடிய கானமயில் இங்கிருந்து முற்றிலும் போய், இன்று நாடு முழுவதும் சேர்த்து 150-க்கும் குறைவு என்கிறார்கள். அதிலும் பெரும்பாலானவை ராஜஸ்தானின் ஜெய்சல்மர் பக்கம்.

அந்தக் கானமயில் விஷயத்தில் நடந்த ஒன்றை இளைஞர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. மத்தியப் பிரதேசத்தில் சிவபுரி மாவட்டத்தில் கரேரா என்று ஓர் ஊர். அங்கே கானமயில் இருப்பது தெரிந்ததும் 1981-இல் சரணாலயம் அறிவித்தார்கள். எல்லைக்குள் பெரும்பகுதி விவசாயிகளின் சொந்த நிலம். நிலத்தை விற்கவோ மாற்றவோ தடை வந்தது. வெளிமான்கள் பெருகிப் பயிரை மேய்ந்தன. பறவை வந்ததால்தான் இத்தனை கஷ்டமும் என்று ஊர் முடிவு கட்டியது. முதலில் சில வருஷம் கூடிய கானமயில் பிறகு தேய்ந்து, 1990-களின் நடுவில் அங்கே ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. பறவை போன பிறகும் தடை மட்டும் பல வருஷம் இருந்தது. அதே மாநிலத்தில் தார் மாவட்டத்துச் சர்தார்பூரில் வரகுக்கோழிக்காக 1983-இல் வந்த சரணாலயத்திலும் இதே மனவருத்தம்தான். 348 சதுர கிலோமீட்டர்; அதில் பதினான்கு ஊர்களின் பட்டா நிலம். மகள் கல்யாணத்துக்கு ஓர் ஏக்கரை விற்க முடியாத தகப்பன், மழைக்காலத்தில் தன் வயலில் துள்ளி எழும் அந்தச் சின்னப் பறவையை எந்தக் கண்ணால் பார்ப்பான்?

அதிகாரிகளின் நோக்கத்தில் பழுது இருந்ததாக நான் நினைக்கவில்லை. பறவையைக் கணக்கெடுத்தார்கள், வரைபடம் போட்டார்கள், எல்லை வகுத்தார்கள். அந்த எல்லைக்குள் படுத்து எழும் மனிதர்களிடம் மட்டும் முதலில் போய் உட்காரவில்லை. பின்னாளில் அதே மாநிலத்தில் வனத்துறை வேறு வழிக்கு வந்தது. தன் வயலில் வரகுக்கோழி இருப்பதைச் சொல்லி, அது குஞ்சு பொரிக்கும்வரை காத்துக்கொடுக்கும் விவசாயிக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். பறவை வந்தால் நஷ்டம் என்றிருந்ததைப் பறவை வந்தால் வரவு என்று திருப்பிப் பார்த்த முயற்சி அது. சரணாலயம் அறிவித்த நாளிலேயே அதைச் செய்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். கொரங்காட்டுக்காரர் ஒருவரிடம் போய், “உங்கள் நிலத்தில் அருகிவரும் பறவைகள் இருக்கின்றன, காப்பாற்றுங்கள்” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மயிலால் நொந்துபோனவர்கள் இவர்கள். விதைத்த நிலக்கடலையைக் கிளறி, தக்காளியைக் கொத்தி, மக்காச்சோளத்தைச் சாய்த்துப் போடும் மயில்கூட்டத்தை விரட்டக்கூடச் சட்டம் பார்க்க வேண்டியிருக்கிறது. பறவை என்ற சொல்லே அவர்களுக்கு வழக்கு, அபராதம் என்று கேட்கிறது.

“ஏனுங்க, இருக்கற மயிலுக்கு வெதச்சுப் போட்டே ஓஞ்சுட்டோம். இன்னும் இந்தக் குருவிக்கும் காவல் இருக்கோணுமாக்கும்?” என்று ஒரு பெரியம்மா என்னைக் கேட்டார்.

“குருவிய விடுங்க ஆத்தா. மாடு எத்தன நிக்குது? புல்லு எத்தன மாசத்துக்கு வருது?” என்றேன்.

அதற்கப்புறம் அவர் பேசிக்கொண்டே இருந்தார். சீமைக்கருவேலம் கிழக்கு மூலையிலிருந்து ஏறி வருவது, ஆள்கூலி, வேலி ஓட்டை, மூன்று ஆட்டை நாய் குதறியது, கறவைக்குக் கட்டுபடியாகாத பால் விலை. நான் குறித்துக்கொண்டே வந்தேன். அவர் சொன்ன ஒவ்வொரு குறையும் பறவையின் குறையாகவும் இருந்தது. இதைக் கேட்டுப் பழகுவதற்குத்தான் பொறுமை வேண்டும். படித்த பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வதெல்லாம், முதல் நான்கைந்து முறை போகும்போது தொலைநோக்கியை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள் என்பதுதான். கட்டுத்தரையைப் பாருங்கள். கன்றைத் தடவிக் கொடுங்கள். கொடுக்கும் மோரைக் குடியுங்கள். நிலத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட நமக்குத் தெரியாது.

நாய் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளகோவில், காங்கயம், தாராபுரம் வட்டாரங்களில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடும் தெருநாய்க் கூட்டத்தால் எத்தனையோ குடும்பங்கள் அழுதிருக்கின்றன. செத்த ஆடுகளைத் தூக்கிக்கொண்டு சாலையில் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள். அதே நாய்கள்தான் ஆட்காட்டியின் முட்டையையும் கௌதாரிக் குஞ்சையும் விட்டுவைப்பதில்லை. சாலையோரம் கொட்டப்படும் இறைச்சிக் கழிவைத் தடுக்கவும், நாய்களுக்குக் கருத்தடை செய்யவும் ஊராட்சியிடம் மனுக் கொடுக்கும் வேலையில் பறவை ஆர்வலர்கள் விவசாயிகளோடு போய் நிற்கலாம். எந்தக் கூட்டத்தில் பேசினாலும் கிடைக்காத நம்பிக்கை அந்த ஒரு மனுவில் கிடைக்கும்.

சீமைக்கருவேலமும் அப்படித்தான். அது ஏறிய காட்டில் புல் இல்லை. புல் இல்லாத இடத்தில் மாட்டுக்கும் வானம்பாடிக்கும் ஒரே கதி. வேரோடு எடுக்க இயந்திரம் வேண்டும், எடுத்த பிறகு இரண்டு மூன்று மழைக்கு முளைத்து வருவதைக் கையால் பிடுங்க வேண்டும். முதல் செலவை நிலத்துக்காரர் தனியாகத் தாங்க மாட்டார். உதவி என்று ஒன்று செய்வதானால் இதில்தான் பணம் போட வேண்டும். எடுத்த வெற்றிடத்தில் கொழுக்கட்டைப் புல்விதையைத் தூவி, ஒரு மழைக்காலம் முழுக்க மாடு விடாமல் ஆறவிட்டால் காடு திரும்பிவிடுகிறது. விதையைப் பக்கத்துக் கொரங்காட்டிலிருந்து உருவியே எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். புல்வெளியைக் கண்டதும் மரம் நட வேண்டும் என்று துடிப்பவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். நல்ல மனதோடுதான் வருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, பதாகை கட்டி, ஓர் ஏக்கரில் நூற்றுக்கணக்கான கன்றுகளை நெருக்கி நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மரம் இல்லாத இடமெல்லாம் வெறும் இடம் என்ற எண்ணம் நம் வருவாய்த்துறைப் பதிவேட்டில் தரிசு என்று எழுதிய நாளிலிருந்து வருகிறது. கொரங்காட்டில் வெள்வேல் எட்ட எட்ட நிற்பது மரம் வளர்க்கத் தெரியாததால் அல்ல. அந்த இடைவெளியில்தான் புல் வெயில் குடிக்கிறது. நெருக்கி நட்டால் புல் போகும், புல்லோடு ஆட்காட்டி போகும், காகமும் வல்லூறும் உட்கார்ந்து முட்டையும் குஞ்சும் தேடக் கிளை கிடைக்கும். மரம் நட ஆசைப்படுகிறவர்கள் ஊர்ப் பொதுவிடத்தில், குளக்கரையில், சாலையோரத்தில் நடட்டும். புல்லைப் புல்லாக விடுவதும் ஒரு வளர்ப்புதான்.

பறவைக்கென்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டியவை மிகக் கொஞ்சம். ஆட்காட்டி பங்குனி, சித்திரையில் வெறுந்தரையில் சின்னக் கூழாங்கற்களை அரணாக வைத்து நான்கு முட்டையிடும்; மண்ணின் நிறமும் முட்டையின் நிறமும் ஒன்று. அந்த மாதங்களின் கோடை உழவில் டிராக்டர் ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது படாது. ஆனால் தாய்ப்பறவை கத்திக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து விழும். அப்படிக் கத்துகிற இடத்தில் ஒரு பாகத்தை மட்டும் உழாமல் தள்ளி ஓட்டச் சொல்லுங்கள் என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. குஞ்சு பொரித்த அன்றோ மறுநாளோ தாயோடு நடந்து போய்விடும். பிறகு அந்தத் துண்டையும் உழுதுகொள்ளலாம். முட்டையைக் கண்ட இடத்தில் கொடி ஊன்றி அடையாளம் வைக்க வேண்டாம். காகம் அதைத்தான் முதலில் கற்றுக்கொள்ளும்.

தண்ணீர்த் தொட்டி இன்னொன்று. கல்கௌதாரிகள் காலையில் கூட்டமாகப் பறந்து தண்ணீருக்கு வரும். ஆண் பறவை வயிற்று இறகைத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டு போய்க் குஞ்சுகளுக்குக் கொடுக்கிறது. குஞ்சுகள் அந்த ஈர இறகை உறிஞ்சிக் குடிக்கின்றன. மாட்டுத் தொட்டியின் விளிம்பு உயரமாக இருந்தால் தரையில் வாழும் பறவைக்கு எட்டாது. எட்டி விழுந்தாலும் ஏற முடியாது. தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரை ஒரு தாழ்வான பள்ளத்தில் தேங்க விட்டால் போதும். உள்ளே நாலு கல்லைச் சரிவாக அடுக்கிவைத்தால் ஓணானும் அணிலும்கூடப் பிழைத்துக்கொள்ளும்.

என் தொழிலில் இருந்து தெரிந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின் ஊசி போட்ட மாட்டின் சாணத்தில் மருந்து பல நாள் தங்கும். சாணவண்டின் புழு அதில் சாகும். கொண்டலாத்தியும் ஆட்காட்டியும் அந்த வண்டையும் புழுவையும் நம்பி இருக்கின்றன. சாணத்தை மண்ணுக்குள் இழுத்துப் புல்லுக்கு எருவாக்குவதும் அந்த வண்டுதான். சாணத்தைப் பரிசோதித்து, புழு இருந்தால் மட்டும் மருந்து கொடுப்பதும், கொடுத்த பிறகு சில நாள் மாட்டைக் கட்டுத்தரையிலேயே வைத்துத் தீவனம் போடுவதும் பெரிய சிரமம் இல்லை. மருந்துச் செலவும் மிச்சம்.

கம்பி வேலி கிளுவை வேலியின் இடத்தைப் பிடித்து வருவது எனக்குப் பெரிய வருத்தம். கம்பி ஒரே நாளில் போட்டுவிடலாம், பராமரிப்பு இல்லை, பக்கத்துக் காட்டுக்காரரோடு எல்லைச் சண்டை இல்லை என்று சொல்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் கிளுவை வேலி மேல்காற்றைத் தடுத்து மண்ணைப் பிடித்துக்கொண்டது. வறட்சியில் வெள்ளாட்டுக்குத் தழை கொடுத்தது. சின்னானும் சிட்டும் கூடு கட்டியது அங்கேதான். பேரன் காலத்திலும் நிற்கும் வேலி அது. கூலிக்கு ஆள் இல்லாததுதான் அதன் நோய். கிளுவை போடத் தெரிந்தவர்கள் எல்லாம் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் இளைஞர்கள் ஒரு கோடை கூட நின்று பழகினால் அந்தக் கை பிழைத்துக்கொள்ளும்.

நிலத்துக்காரருக்குப் பணம் கொடுத்துப் பறவையைக் காப்பது நம் ஊருக்குப் புதுப்பேச்சாகத் தோன்றலாம். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் கார்ன்கிரேக் என்றொரு பறவை வைக்கோல்புல்லுக்குள் ஒளிந்து வாழ்கிறது. புல் வெட்டும் இயந்திரம் வந்து, வெட்டும் காலமும் முந்திக்கொண்டபோது கூடும் குஞ்சும் அழிந்தன. வயலின் ஓரத்திலிருந்து உள்நோக்கி வெட்டி வந்தால் குஞ்சுகள் நடுவில் மிஞ்சிய புல்லுக்குள் ஒதுங்கி, கடைசிச் சுற்றில் மாட்டிக்கொள்ளும். அங்கே சிறு விவசாயிகளிடம் இரண்டு விஷயம் கேட்டார்கள்: ஆகஸ்ட் பிறந்த பிறகு வெட்டுங்கள், நடுவிலிருந்து வெளிநோக்கி வெட்டுங்கள். தாமதத்தால் வரும் நஷ்டத்துக்கு ஈடு கொடுத்தார்கள். 1993-இல் பிரிட்டன் முழுக்கக் கூவும் ஆண்பறவைகள் 480 அளவில் இருந்தன. 2014-இல் ஸ்காட்லாந்தில் மட்டும் 1,200-ஐத் தாண்டின. அப்புறமும் ஏற்ற இறக்கம் உண்டு. உதவித்தொகையின் விதி மாறும்போதெல்லாம் பறவையின் எண்ணிக்கையும் ஆடுகிறது. அமெரிக்காவிலும் 1985-ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தில் தொடங்கிய திட்டம், மண் அரிக்கும் வயல்களை உழாமல் புல்லாக விடும் விவசாயிகளுக்கு ஆண்டு வாடகை கொடுக்கிறது. மண்ணுக்காகத் தொடங்கியது பறவைக்கும் ஆயிற்று. அப்படியிருந்தும் வட அமெரிக்கப் புல்வெளிப் பறவைகள் 1970-இலிருந்து பாதிக்கு மேல் குறைந்துவிட்டன என்று 2019-இல் வந்த ஆய்வு சொல்கிறது. பணம் கொடுக்காத இடத்தில் என்ன நிலை என்று இதிலிருந்தே யோசித்துக்கொள்ளலாம்.

நடுவிலிருந்து வெளிநோக்கி வெட்டும் முறைக்குப் பணமே வேண்டாம். சோளத்தட்டை அறுக்க இப்போது இங்கேயும் இயந்திரம் வருகிறது; காடையும் முயலும் கடைசி வரிசைக்குள் ஒதுங்கிச் சாவதைப் பார்த்த ஓட்டுநர்கள் சொல்லியிருக்கிறார்கள். வயலை நடுவில் பிளந்து இரு பக்கமும் வெளிநோக்கி அறுத்துப் போனால் அவை வேலிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். டீசல் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. அறுவடை இயந்திரம் வைத்திருப்பவர்களிடம் பேசுவது நிலத்துக்காரர் ஒவ்வொருவரிடமும் பேசுவதைவிடச் சுலபம்.

ஆனால் கொரங்காட்டைக் கொரங்காடாகவே எப்படி வைத்திருப்பது என்ற பெரிய கேள்வி அப்படியே நிற்கிறது. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. எனக்கு அளவற்ற சந்தோஷம். குளம் பொதுச்சொத்து, அறிவிக்க முடிந்தது. கொரங்காட்டை அப்படி அறிவிக்கக் கூடாது. கரேராவும் சர்தார்பூரும் நமக்கு முன்னால் இருக்கின்றன. இங்கே வேண்டியது தடை இல்லை. காங்கயம் மாடும் செம்மறியும் வைத்து மேய்ச்சல் காட்டை மேய்ச்சல் காடாகவே வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் ஒரு தொகை. சீமைக்கருவேலம் எடுக்க ஊரக வேலை உறுதித் திட்டத்து ஆட்கள். கொரங்காட்டு ஆட்டுக்கறிக்கும் பாலுக்கும் தனிப் பெயரும் விலையும். 2017-இல் மெரினாவில் நாட்டு மாட்டுக்காகத் திரண்ட பிள்ளைகளுக்கு இந்தக் கோரிக்கை அந்நியமாக இருக்காது. மாடு வேண்டும் என்றால் மாடு மேயும் நிலம் வேண்டும்.

சோலார் கம்பெனிக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடலாமா என்று என்னிடம் யோசனை கேட்கிறவர்கள் இப்போது அதிகம். விடாதீர்கள் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. “எல்லாத்தையும் குடுக்காதீங்க மாப்ள, தண்ணித் தொட்டி இருக்கற காட்டையும், அதுக்கு அடுத்த காட்டையும் வெச்சுக்குங்க” என்றுதான் சொல்வேன். சிலர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மின்கம்பியும் காற்றாலையும் வருகிற இடத்தில் பெரிய பறவைகளுக்கு ஆபத்து உண்டு; கானமயிலின் வாழிடத்தில் கம்பியைத் தரைக்கடியில் புதைக்க 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2024-இல் அந்த ஆணையை மாற்றிக் குழு அமைத்ததும் அதனால்தான். எங்கள் பக்கத்தில் அந்தப் பறவை இல்லை. பூனைப்பருந்து இருக்கிறது. புதிய கம்பிப்பாதை போடும்போது அவை அடையும் காட்டைச் சுற்றிப் போகச் சொல்லிக் கேட்க, எந்தக் காட்டில் அடைகின்றன என்று முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மார்கழி, தை மாத அந்தியில் வேலிக்கு வெளியே நின்று எண்ணுவதுதான் வழி; அதற்கு ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேர் வேண்டும். மாடு மேய்ப்பவர்களே போதும். அவர்களுக்கு ஏற்கனவே இடம் தெரியும், யாரும் கேட்டதில்லை.

கோடை மழைக்கு முன்னால் கிளுவைப் போத்து ஊன்ற வேண்டும். மூலனூர்ப் பக்கம் பழைய வேலிகளைக் கழிக்கப் போகிற சிலரிடம் நானும் சில நண்பர்களும் போத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். கம்பி போட எண்ணியிருப்பவர்கள் ஒரு பக்க வேலியையாவது கிளுவையாக வைத்துப் பார்க்கட்டும். போத்தும் ஊன்றும் கூலியும் எங்கள் பொறுப்பு, முதல் இரண்டு வருஷம் ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. விடுமுறைக்கு ஊர் வரும் கல்லூரிப் பிள்ளைகள் தடித்த கையுறையோடு வந்தால் வேலை சீக்கிரம் முடியும். கிளுவை முள் நன்றாகக் குத்தும்.